கேரவன் வாசல்பட்டையை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டு நிலைப்படியை நாம் மிதிப்பதில்லை, தாண்டித்தான் போவோம். அதில் உட்கார்ந்தாலே என் அப்பத்தா சத்தம் போடும். கேரவனில் கதை தலைகீழ். ஏறுபவர், இறங்குபவர், ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுபவர் என எல்லார் எடையையும் கதவடியில் ஓடும் ஒரு மெல்லிய உலோகப் பட்டைதான் தாங்குகிறது. இந்தப் பட்டையை நான் வாசல்பட்டை என்றே சொல்லப்போகிறேன்.

என் வண்டி ஒரு பழைய டிராவலர் வேன். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கேரவனாக மாற்றியது. இரும்புச் சட்டத்தின் மேல் 18 மி.மீ. பிளைவுட், அதன் மேல் வினைல் விரிப்பு, பக்கவாட்டில் கீல் வைத்த கதவு. மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில் வீட்டு வாசலில் நிற்கும். கொடைக்கானலுக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்வரும். இதன் வாசல்பட்டையை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை தப்பாக.

அந்தத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய பட்டை தேய்ந்து ஓரம் மடங்கியிருந்தது, காலைக் கிழித்தது. அதைக் கழற்றச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே புதுசாக ஒரு அலுமினியப் பட்டையை வைத்துத் திருகினேன். நாலு பக்கமும் சிலிக்கான் பூசி அடைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. ஐப்பசி மழை முடிந்து மார்கழியில் ஒருநாள் வெறுங்காலோடு ஏறியபோது தரை இட்லி மாதிரி அமுங்கியது. திருகு ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பிளைவுட்டிலேயே ஊறியிருந்தது. வழியை அடைத்தவன் நான்தான்.

இந்த வேலையில் பட்டையைப் பற்றிக் கவலைப்படுவதைவிட அதன் அடியில் இருக்கும் மரத்தைப் பற்றிக் கவலைப்படுவதே முக்கியம் என்பது அப்போதுதான் புரிந்தது. கீழே சொல்லும் ஒவ்வொரு கட்டமும் அந்த மரத்தை உலர்ந்தபடி வைத்திருக்கத்தான்.

எப்போது செய்வது

பங்குனி, சித்திரை. மதுரை வெயிலைத் திட்டுவதற்கு ஆயிரம் காரணம் இருந்தாலும், ஊறிய பிளைவுட்டைக் காயவைக்க அதைவிட நல்ல அடுப்பு கிடையாது. கதவைத் திறந்து போட்டு, ஒரு டேபிள் ஃபேனையும் வைத்தால் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். அதே வேலையை வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆரம்பித்தால், மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் மரத்தின் மேல் பட்டையை மூடிவிடுவோம். சித்திரைத் திருவிழா நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஊருக்குள் போய் ஒரு திருகு வாங்கி வருவதற்குள் பாதி நாள் போய்விடும்.

உலோகத்தை ஒட்டும் வேலை மட்டும் காலையில், நிழலில். உச்சி வெயிலில் சுடும் பட்டையின் மேல் பூசினால் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) பரவுவதற்குள் மேலே தோல் கட்டிவிடும்.

முதலில் நோய் என்னவென்று பாருங்கள்

ஒரு கோணி ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையின் உள் ஓரத்தை ஒட்டி, வினைலைச் சற்று உயர்த்தி, மரத்தில் 5 செ.மீ.க்கு ஒருமுறை குத்திப் பாருங்கள். நல்ல பிளைவுட்டில் ஊசி நுனிதான் இறங்கும். கெட்ட இடத்தில் வெண்ணெயில் இறங்குவது போலப் போகும். இரண்டு மூலைகளிலும் கட்டாயம் குத்திப் பாருங்கள். நிலைச் சட்டத்தின் செங்குத்துக் கால் பட்டையைச் சந்திக்கும் இடம் அது. பெரும்பாலும் தண்ணீர் அங்கேதான் முதலில் நுழையும்.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. திருகைத் திருப்பினால் இறுகாமல் சும்மா சுற்றுவது, வினைலின் அடியில் கறுத்த கறை, கதவைச் சாத்தி வைத்துத் திறந்தால் வரும் புளித்த வாடை. வண்டிக்கு அடியிலும் படுத்துப் பாருங்கள். அடியில் பூசிய கறுப்புப் பூச்சு உப்பியிருந்தால் மேலே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அதே நேரத்தில் அந்த இடத்தில் பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயர் ஏதும் ஓடுகிறதா என்று பார்த்து, சாக்பீஸால் குறித்துவிடுங்கள். மேலிருந்து துளை போடும்போது டிரில் பிட் எங்கே வெளிவரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அளவும் சரிவும்

வாசலின் அகலத்தை உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். என் வண்டியில் 4 மி.மீ. வித்தியாசம் இருந்தது. கதவு நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவற்றில் பெரிய வித்தியாசம் இருந்தால் நிலையே தொங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பட்டையை மாற்றிப் பயனில்லை.

அடுத்து, கதவின் அடிவிளிம்புக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளி. இதை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது, ஏனென்றால் கதவைச் சாத்தினால்தான் அந்த இடைவெளியே உண்டாகிறது. வீட்டில் சப்பாத்தி மாவு பிசையும்போது மூன்று உருண்டை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் பாலித்தீன் தாளில் சுற்றி, இடது, நடு, வலது என்று பட்டையின் மேல் வைத்துக் கதவைச் சாத்துங்கள். திறந்து பார்த்தால் நசுங்கிய மாவின் கனம்தான் உங்கள் இடைவெளி. பழைய பட்டை 2 மி.மீ., புதியது 3 மி.மீ. என்றால் அந்த 1 மி.மீ. இங்கே குறையும். கதவு உரச ஆரம்பிப்பது இந்தக் கணக்கு தப்பும்போதுதான்.

சரிவு: பட்டையின் மேல்முகம் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். 90 மி.மீ. அகலப் பட்டைக்கு 3 மி.மீ. சரிவு போதும், அதாவது ஏறக்குறைய 2 டிகிரி. வண்டி எப்போதும் சமதளத்தில் நிற்காது என்பதால், இன்னும் அரை மில்லிமீட்டர் கூடினாலும் தப்பில்லை.

பொருள் எது வாங்குவது

வெளிநாட்டுக் கேரவன்களில் வாசல்பட்டை அச்சு வழியாகப் பிதுக்கி எடுத்த அலுமினியத்தில், ரப்பர் உட்காரும் பள்ளத்தோடு வரும். அதே வடிவம் நம் ஊர்க் கடையில் தொங்காது. அதற்காக அலையவும் வேண்டாம். தகடு வளைக்கும் பட்டறையில் வேண்டிய வடிவத்தில் மடித்துத் தருவார்கள். கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் இந்த வேலை செய்யும் இடம் கிடைக்கும்.

என் தேர்வு 3 மி.மீ. அலுமினியச் செக்கர்டு தகடு. மேடுபள்ளம் இருப்பதால் மழையில் கால் வழுக்காது, எடை குறைவு, துருப்பிடிக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் நாள் நிற்கும். ஆனால் வெறும் தகடாக வாங்கினால் ஈரக்காலுக்கு எண்ணெய் தடவியது போல இருக்கும், மேலே கிரிப் டேப் ஒட்டியாக வேண்டும். ஸ்டீல்தான் வேண்டுமென்றால் குறைந்தது 304 தரம், கடல் பக்கம் ஓடும் வண்டிக்கு 316 தரம் என்று கேட்டு வாங்குங்கள். ராமேஸ்வரம் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இதில் கஞ்சம் பார்க்கக் கூடாது. உப்புக்காற்று மட்டமான ஸ்டீலைப் புள்ளி புள்ளியாகத் தின்றுவிடும்.

வடிவம் தலைகீழான எல் எழுத்து. மேல்முகம் மிதிக்க, முன்முகம் 30 மி.மீ. கீழே தொங்க. இங்கே ஒரு சின்ன விஷயம். மடிப்பு 90 டிகிரி என்று சொல்லிவிட்டு வராதீர்கள். மேல்முகம் 2 டிகிரி சரிந்திருக்க, முன்முகம் செங்குத்தாக நிற்க வேண்டுமென்றால் மடிப்பு 92 டிகிரி. நான் அதைச் சொல்ல மறந்து, வந்த தகட்டை மேலே சரித்து வைத்ததும் முன்முகம் அடியில் சட்டத்தில் முட்டி நின்றது. மறுபடி கப்பலூருக்கு ஒரு நடை.

நீளத்தில் இரு பக்கமும் ஒன்றரை மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். அலுமினியம் சூட்டில் நீளும். 750 மி.மீ. பட்டை, மார்கழி விடியலின் 20 டிகிரியிலிருந்து சித்திரை வெயிலில் 65 டிகிரி வரை சூடேறினால் முக்கால் மில்லிமீட்டருக்கும் சற்று மேல் நீளும். இறுக்கிப் பொருத்திய பட்டை அப்போது நடுவில் வில்லாக எழும்பும், எழும்பிய இடத்தில் சீலன்ட் பிரியும்.

மற்றவை: 20 முதல் 25 மி.மீ. அகலமுள்ள பியூட்டைல் டேப் (இரு பக்கமும் ஒட்டும் ரப்பர் பசை நாடா), பாலியூரிதேன் சீலன்ட் ஒரு டியூப், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகள், அலுமினிய பாப் ரிவெட் (ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கும் ஆணி), எப்பாக்ஸி ரெசின் (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பசை). மரம் கெட்டிருந்தால் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் துண்டு, ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை பார்த்து. கடைக்காரர் ‘வாட்டர் ப்ரூஃப்தான் சார்’ என்று பொது உபயோகத்துக்கான ஐஎஸ் 303 பலகையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். அது உலரும்போது வெளிவரும் அமிலம் உலோகத்துக்கு ஆகாது. அதோடு ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்டும் ஒட்டாது, அடுத்த சீலன்ட்டும் ஒட்டாது.

கழற்றுவது

பேட்டரி இணைப்பையும் வெளி மின்சார இணைப்பையும் எடுத்துவிடுங்கள். கதவு அடிரப்பரை உருவி, படிக்கு மேல் மடியும் வினைலைப் பின்னுக்கு மடித்து வையுங்கள். கழற்றுமுன் நாலு போட்டோ எடுத்துக்கொண்டால் பிறகு உதவும்.

திருகுத் தலைகளில் வருடக்கணக்கான மண் இறுகியிருக்கும். கோணி ஊசியால் அதைத் தோண்டி எடுத்த பிறகே ஸ்க்ரூ டிரைவரை வையுங்கள். துரு விலக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டுவிட்டால் பாதிச் சண்டை மிச்சம். தலை மழுங்கிப்போன திருகோடு மல்லுக்கட்ட வேண்டாம். 4 மி.மீ. பிட்டால் தலையின் நடுவில் துளைத்தால் தலை தனியே கழன்று வரும். பட்டையை எடுத்த பிறகு மிச்சத்தைக் கட்டிங் பிளேயரால் பிடித்துச் சுழற்றி எடுத்துவிடலாம். ரிவெட் இருந்தால் அதே முறைதான், தலையை மட்டும் துளைக்க வேண்டும்.

அப்புறம் ஒட்டிப்போன சீலன்ட். கத்தியால் ஓரம் முழுக்க அறுத்துவிட்டு, ஹேர் டிரையரால் சூடு காட்டி, பெயிண்டர்கள் வைத்திருக்கும் பட்டி பிளேடை மெல்ல உள்ளே செருகுங்கள். பெரிய ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி நெம்பினால் பட்டை வருவதற்கு முன் நிலைச் சட்டம் நெளியும். நெளிந்த நிலையில் கதவு பிறகு என்றைக்கும் சரியாக உட்காராது. கழற்றிய பழைய பட்டையைத் தூக்கி எறியாதீர்கள். புதுப் பட்டையை ஒத்துப் பார்க்க அதுதான் மாதிரி.

மரத்துக்கு வைத்தியம்

இரண்டாம் முறை இந்தக் கட்டத்தில் பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார், உளியால் ஒரு தட்டுத் தட்டினார்.

“தம்பி, இது மரமில்ல, ஊறவச்ச அவல்.”

“பசை ஊத்தி இறுக்கிடலாமாண்ணே?”

“ஊத்தலாம். அடுத்த வருசமும் என்னையக் கூப்பிடலாம்.”

அவர் சொன்ன விதி எளிமையானது. ஊசி இறங்கும் எல்லையிலிருந்து இன்னும் 50 மி.மீ. தள்ளி, நல்ல மரம் தெரியும் இடத்தில் நேர்கோடாக வெட்ட வேண்டும். நகக்கண் அளவு மெத்தையான இடங்களை மட்டும் எப்பாக்ஸியோடு மரத்தூள் குழைத்து நிரப்பிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் துண்டு போடுவதுதான் வழி.

வெட்டிய இடத்தின் இணைப்பு அந்தரத்தில் நிற்கக் கூடாது. அடியில் ஒரு தாங்குகட்டை கொடுத்து, பழைய பலகையையும் புதுத் துண்டையும் அதன் மேல் சேர்த்துத் திருகுங்கள். புதுத் துண்டைப் பொருத்துமுன் அதன் விளிம்புகளுக்கு எப்பாக்ஸி இரண்டு கை பூசுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, வெட்டிய விளிம்பால். முதல் பூச்சை விளிம்பு உறிஞ்சிவிடும், அது காய்ந்தபின் இரண்டாவது. பழைய திருகு ஓட்டைகளையும் எப்பாக்ஸியால் அடைத்துவிடுங்கள். துரு ஏறிய இரும்புச் சட்டம் தெரிந்தால் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிடுங்கள். சட்டமே அரித்திருந்தால் வெல்டிங் வேலை. அதைப் பாடி கட்டும் ஆளிடம் விட்டுவிடுவது நல்லது.

3 மி.மீ. சரிவையும் இங்கேயே மரத்தில் இழைப்புளியால் உண்டாக்கிவிட வேண்டும். இல்லையென்றால் உள் ஓரத்துக்கு அடியில் மெல்லிய அலுமினியத் துண்டு கொடுத்து உயர்த்தலாம். மரத்தில் சரிவு இருந்தால் பட்டை முழுதாகப் படியும். இதுவே எனக்குப் பிடித்தது.

பொருத்துவது

முதலில் ஒட்டாமல் வைத்துப் பாருங்கள். கதவைச் சாத்தித் திறந்து, மாவு உருண்டை வித்தையை மறுபடி செய்யுங்கள். பட்டையின் அடியில் வரப்போகும் டேப்பின் கனத்துக்கு இரண்டு அட்டைத் துண்டு வைத்துப் பார்ப்பது நல்லது. அடிரப்பர் தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் போதும். அதற்கு மேல் நசுங்கினால் கதவு இறுகும், ரப்பர் சீக்கிரம் கிழியும்.

துளைகளை எங்கே போடுவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். மிதிக்கும் முகத்தின் நடுவில் வரிசையாகத் திருகு போடுவதே வழக்கம். ஆனால் மழை விழும் இடத்தில் ஒவ்வொரு திருகும் ஒரு ஓட்டை. நான் வரிசையைக் கதவு ரப்பருக்கு உள்பக்கம், அதாவது கதவைச் சாத்தினால் மழை படாத ஓரத்துக்குக் கொண்டுபோனேன். 100 மி.மீ.க்கு ஒரு திருகு. முன்முகத்தை இரும்புச் சட்டத்தில் பாப் ரிவெட்டால் பிடித்தேன். மேல்முகத்தில் மழை படும் இடத்தில் ஓட்டையே இல்லை. 4 மி.மீ. திருகுக்கு மரத்தில் 3 மி.மீ. வழித்துளை. பலகை 18, தகடு 3, டேப் நசுங்கி 1 என்று கணக்குப் போட்டால் 20 மி.மீ. திருகு அடியில் எட்டிப் பார்க்காது.

துளை போட்ட பிசிறுகளைத் தேய்த்து எடுத்து, தூசி துடைத்து, ஒட்டும் இடங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர் வேண்டாம், பெயிண்டையும் ஃபைபரையும் இளக்கிவிடும்.

மூலைகளில் ஆரம்பியுங்கள். பட்டையை வைக்குமுன் இரு மூலைகளிலும் பாலியூரிதேனை நெல்லிக்காய் அளவு அமுக்கி வையுங்கள். பியூட்டைல் டேப்பை மரத்தின் மேல் இரண்டு வரிசை ஒட்டி, மூலைக்கு வந்ததும் செங்குத்துக் காலின் மேல் 15 மி.மீ. ஏற்றி மடியுங்கள். முன்முகத்துக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில், மேல் பாதியில் ஒரு வரிசை டேப். இது தண்ணீருக்கு மட்டுமல்ல. அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டு, நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

இப்போது பட்டையை மேலிருந்து நேராக இறக்குங்கள். டேப் பட்டால் பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு திருகின் கழுத்திலும் ஒரு பொட்டு சீலன்ட் வைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, பாதிப் பாதியாக இறுக்குங்கள். அதன் பிறகு ரிவெட். ஓரத்தில் பிதுங்கும் பியூட்டைலைப் பிளாஸ்டிக் துண்டால் வழித்து எடுத்துவிட்டு, இரு பக்க ஓரங்களிலும் பாலியூரிதேனை மெல்லிய கோடாக இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் தடவி விடுங்கள்.

முன்முகத்தின் அடிவிளிம்பில் எதுவும் பூசாதீர்கள். கை பரபரக்கும், பூசாதீர்கள். எப்படியும் உள்ளே போகும் ஒரு சொட்டு வெளியேற அந்த வழி திறந்திருக்க வேண்டும். முதல் முறை நான் அடைத்தது இதைத்தான்.

சோதனை

ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். பாலியூரிதேன் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் காயும். பியூட்டைல் டேப் அழுத்தத்தில் மெல்ல வழியும் என்பதால் இரண்டாம் நாள் எல்லாத் திருகையும் கால் சுற்று மறுபடி இறுக்க வேண்டியிருக்கும்.

அதன் பிறகு தண்ணீர். ஒரு வாளியில் சொட்டு நீலம் கலந்துகொள்ளுங்கள். உள்ளே பட்டையை ஒட்டியும், வண்டிக்கு அடியில் தார்ப்பாயின் மேலும் பழைய செய்தித்தாளை விரியுங்கள். கதவைச் சாத்தி, செம்பால் மொண்டு பட்டையின் மேல் பத்து நிமிடம் மெதுவாக ஊற்றுங்கள். மூலைகளில் கூடுதலாக. வண்டியை உள்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும்படி நிறுத்தி இன்னொரு முறை. உள்ளே தாளில் நீலம் பட்டால் எந்த இடம் என்று தானே காட்டிக்கொடுக்கும். முன்முகத்தின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீலம் வெளியே விழுந்தால் கலங்க வேண்டாம், அது நாம் விட்டுவைத்த வழி.

பராமரிப்பு அதிகம் இல்லை. கடல் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை மூலைகளை ஊசியால் பாருங்கள். ஆயுத பூஜைக்கு வாட்டர் வாஷ் விடும்போது, பிரஷர் குழாயைக் கதவடியில் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள். மழை எந்தக் காலத்திலும் அத்தனை அழுத்தத்தில் பெய்வதில்லை.

எங்கள் வண்டியில் வேலை முடிந்த அன்று சாயங்காலமே, புது வாசல் ஆயிற்றே என்று அத்தை மஞ்சள் குங்குமத்தோடு வந்துவிட்டாள். ஒரு நாள் தொடக்கூடாது என்று நான் கத்துவதற்குள் வலது மூலையில், காயாத சீலன்ட்டின் மேல், அழுத்தமாக ஒரு பொட்டு. அந்த விரல் தடம் சிவப்பாக இன்னும் அங்கேயே இருக்கிறது. சொட்டு நீலச் சோதனையில் அந்த மூலை ஒழுகவில்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.